சரிவுக் கூரைக்கு வெள்ளை

ஏழு படி ஏறும்வரை தையல்நாயகிக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது படியில் கால் வைத்தபோதுதான் மூங்கில் ஏணி ஒருதரம் முனகியது. விழுந்தால் தூக்கி உட்காரவைக்க வீட்டில் ஆளில்லை என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அதை விரட்டுகிறவளைப்போல வெள்ளையடிக்கிற மட்டையை வாளியில் முக்கி எடுத்துக் கூடத்து உட்கூரையில் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். சுண்ணாம்புத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கைக்குள் போனது. பட்ட இடம் வேகாமல் இருக்க முகம், கை, கால் எல்லாம் தேங்காயெண்ணெய் தடவியிருந்தாள். தலையில் புருஷன் கலியபெருமாளின் பழைய துண்டை முண்டாசு கட்டியிருந்தாள். ஐம்பத்துமூன்று வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் நிற்கிற பொம்பளையைத் தெரு பார்த்தால் சிரிக்கும். சிரிக்கட்டும். தெரு பார்க்க வேண்டும் என்றுதானே வாசல் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு ஏறியிருக்கிறாள். போகிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது, எல்லா வீட்டிலும் சுண்ணாம்பு வாளிதான். சாவு விழுந்த வீட்டில் மட்டும் அந்த வருஷம் வெள்ளையடிக்க மாட்டார்கள், பொங்கல் பானை ஏற்ற மாட்டார்கள். இவள் வீட்டில் வெள்ளையடிக்கிறது. அப்படியென்றால் இவள் வீட்டில் சாவு இல்லை. இதற்கு மேல் இவள் வாயால் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, மட்டை சொல்லும்.

ஆனால் மட்டைக்குக் கூரை எட்ட வேண்டுமே. எல்லாரும் வீடு கட்டுகிற மாதிரி கட்டியிருந்தால் மேஜைமேல் ஸ்டூல் போட்டு ஒரு காலைப்பொழுதில் முடித்திருக்கலாம். கலியபெருமாள் பம்புசெட் மெக்கானிக்காகப் பாலக்காட்டுப் பக்கம் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்த சாய்ந்த கூரை அவர் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. கொத்தனார் தலைபாடாய் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே. "மழைத்தண்ணி நிக்காம ஓடிடும்யா, பாரேன்" என்று கூடத்துக்கு மட்டும் கான்கிரீட்டைச் சரித்துப் போடவைத்தார். முதல் மழையிலேயே மேல்மூலையில் ஒழுகியது. தெருக்காரர்கள் 'சரிஞ்ச வீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள், கொள்ளிடக் கரையில் சரிஞ்ச வீடு எது என்று கேட்டால் இன்றைக்கும் சின்னப்பிள்ளைகூட வழிகாட்டும். வாசல் பக்கம் எட்டடி, அது கைக்கெட்டும். உள்பக்கம் பதினாலடி. அங்கே சரிவில் சாய்த்த ஏணி ஒரு நிலையாக நிற்காது. தலையை அண்ணாந்து, முதுகைப் பின்னால் வளைத்து, இடது கால் கட்டைவிரலைப் படியின் அடியில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாட்டிக்கொள்வது அவர் வித்தை. இவளும் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை, பத்தொன்பது வருஷம் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அந்தக் காலைத்தான். கண்ணுக்கு நேராக இருந்தது அதுதான்.

காலை நினைக்கக் கூடாது. மட்டையை முக்கு. இழு. நீலம் அதிகமாகப் போட்டுவிட்டோமா? அவர் இரண்டு சிட்டிகை போடுவார், சோற்றுக் கஞ்சி ஒரு கரண்டி, உப்பு ஒரு பிடி. இவள் உப்பை மறந்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து போட்டாளா போடவில்லையா என்பது இப்போது ஞாபகம் இல்லை. சாயங்காலம் வந்தால் கேட்பார், உப்பு போட்டியா என்று. சாயங்காலம் வந்தால். ஒருதரம் வந்திருக்கிறாரே. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டையில் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் பதினோராம் நாள் ஒரு பை நேந்திரங்காய் வறுவலோடு வந்து நின்றார், பக்கத்துக் கடைக்குப் போய்விட்டு வந்தவர்போல. இவள் வறுவலை மட்டும் தின்றாள். அதுமாதிரி இப்போதும் பாலக்காட்டில் எவனுக்காவது மோட்டார் கட்டிக்கொண்டிருக்கலாம். அன்றைக்குப் பதினொன்று. இன்றைக்கு எத்தனையாவது நாள்? தெரியும். காலண்டரைப் பார்க்காமலே தெரியும். பதினாறு. பதினாறு என்ற எண்ணுக்குக் காரியம் என்று இன்னொரு பெயர் இருப்பதும் தெரியும். அது செத்தவர்களுக்கு. ஊருக்குப் போனவர்களுக்குப் பதினாறு என்பது பதினைந்துக்கு அடுத்தது, அவ்வளவுதான்.

கோதண்டபாணி மாமா மட்டும் வேறுமாதிரி எண்ணுகிறார். அவர் கலியபெருமாளின் அண்ணன், அறுபத்தைந்து வயது. தம்பியைக் காணோம் என்றதும் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து செருப்பைத் தேய்த்தவர். தம்பி கடைசியாக மோட்டார் கட்டப்போனது ஆற்றோரத்து வயல். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிட்டாரே என்கிறார் வயல்காரர். ஆற்றில் அப்போது கரைமுட்டத் தண்ணீர். ஆறாம் நாள் கீழே நாணல் காட்டில் ஒரு உடம்பு ஒதுங்கியது. அடையாளம் தெரியாத ஆண், காக்கி அரைக்கால் சட்டை. நாட்டில் பாதி ஆம்பிளை வேட்டிக்குள் காக்கி அரைக்கால் சட்டைதான் போடுகிறான். மறுநாள் மாமா இவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிணவறைக்காரர் நல்லமாதிரி, "முகத்த பாக்காதீங்கம்மா, பாக்கறமாதிரி இல்ல" என்று கால்மாட்டுத் துணியைத்தான் தூக்கினார். அவர் தூக்கி முடிப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள், "இல்ல. இவரு இல்ல." கேள்வியே இன்னும் யாரும் கேட்கவில்லை. மாமா இவளைப் பார்த்தார், போலீஸ்காரர் இவளைப் பார்த்தார், இவள் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வாள், குழாயை மூடவும் என்று எழுதியிருந்தது.

மாமா ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம். அவர் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார், இவள் அதை ஆறவைத்துக்கொண்டே பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இன்றைக்குப் பதினொன்றரை மணிக்குத்தான் எடுத்தார். நடுப்பட்டையை அடித்து முடித்து இவள் கீழே இறங்கி நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் வைத்திருந்த போன் அடித்தது. "தையலு, நான் ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன். கெடு முடிஞ்சிடுச்சாம். ரெண்டு மணிக்கு எடுத்துடுவாங்களாம், அனாதைன்னு எழுதி." இவள் குடித்ததை விழுங்கவில்லை. "நீ பாத்த. நீ சொன்னதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நான் உள்ள போயி என் தம்பிதான்னு சொல்லிருக்கலாம், எனக்கு வாய் வரல. பொஞ்சாதி இல்லன்னு சொன்னப்புறம் அண்ணன் ஆமான்னு சொன்னா அது நல்லாவா இருக்கும்." லாரி போகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "வெள்ளையடிக்கிறியாமே, எதிர்வீட்டு மலர்க்கொடி சொல்லிச்சு. ஏணியில பாத்து ஏறும்மா." வைத்துவிட்டார். பாத்து ஏறும்மா. அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் இவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மிச்ச நீராகாரத்தைச் செடியில் ஊற்றிவிட்டு மறுபடி ஏறினாள்.

ஏறி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசிப் பட்டை, மேல்மூலை. ஒழுகின கறை வருஷா வருஷம் சுண்ணாம்பை மீறிக்கொண்டு மஞ்சளாக எட்டிப்பார்க்கிற இடம். மட்டை முனை எட்டுகிறது, கை வலுவாக அழுத்த எட்டவில்லை. "கழியில மட்டையக் கட்டிக் கீழ நின்னே அடிச்சிட்டுப் போயேன்க்கா" என்று தன் வீட்டு ஏணியைக் கொண்டுவந்து சாத்தும்போதே எதிர்வீட்டு மலர்க்கொடி சொன்னாள். அவருக்கு அது பிடிக்காது. கழியில் கட்டி அடிப்பது தடவிக்கொடுக்கிற மாதிரி, கூரையில் ஒட்டாது என்பார். ஆள்வைத்து அடிப்பதும் பிடிக்காது. அன்றைக்குக் காலையில் இவள் சொன்னது அதுதானே. வேறு என்ன சொன்னாள்? ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள். தட்டில் மூன்று இட்லி வைத்தாள். "இந்த வருஷம் ஆள் வச்சு அடிச்சுக்கலாங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்குக் கை உதறுது, நான் கீழ நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன், போன வருஷமே விழத் தெரிஞ்சீங்க" என்றாள். உண்மைதான், அதுதான் தப்பு. அவர் ஒன்றரை இட்லியோடு கையைக் கழுவிக்கொண்டு ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு போனார். மீதி ஒன்றரையைக் காக்கைக்கு வைத்தாள். கை உதறுகிற ஆள் ஆற்றோரத்தில் வழுக்கினால் எதைப் பிடித்துக்கொள்வார்? இல்லை, வழுக்கியிருக்க மாட்டார். நீச்சல் தெரிந்தவர். கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். கோபம் இருக்கிறவரைக்கும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கோபமாகவே இருங்கள், ஆறு மாசம்கூட இருங்கள்.

அவளுக்குக் கழுத்து இற்றுவிட்டது. மட்டையை வாளி விளிம்பில் வைத்துவிட்டு, ஏணியைக் கட்டிப்பிடித்தபடி மெல்லக் கழுத்தைத் திருப்பி, அடித்து முடித்த கூரையை மேலேயிருந்து பார்த்தாள். சுண்ணாம்பு பொல்லாத சரக்கு. ஈரத்தில் ஒன்றும் தெரியாது, பழைய அழுக்கு நிறமாகவே இருக்கும், அடித்தவனே அடித்தோமா என்று சந்தேகப்படுவான். காய்ந்த பிறகுதான் பட்டது பளிச்சென்றும் படாத இடம் பல்லிளித்துக்கொண்டும் வெளியே வரும். அதற்குத்தான் கீழே ஒரு ஆள் வேண்டும். வாசல் பக்கம் காலையில் அடித்தது இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில் முழ நீளத்துக்கு ஒரு விடுதல். "அங்க பாருங்க, கொக்கிகிட்ட விட்டுட்டீங்க" என்றாள். பழக்கம். பத்தொன்பது வருஷமாக இவள் சொல்கிற வசனம், மேலேயிருந்து உடனே பதில் வரும், "நீ மொதல்ல கண்ணாடியப் போடு." இன்றைக்கு இவள் மேலே இருக்கிறாள், கீழே யாரும் இல்லை. சொன்னது கூடத்தில் ஒருதரம் சுற்றிவிட்டு அப்படியே நின்றது. பதில் வருகிற இடத்தில் பதில் வராத அந்தச் சின்ன இடைவெளியை அவள் காதால் கேட்டாள். பதினாறு நாளாகக் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது அதைத்தான். காலையில் பால் காய்ச்சும்போதும், தெருவில் யார் கேட்டாலும் 'வேலையா போயிருக்காரு' என்னும்போதும், ராட்டினம்மாதிரி சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கு மட்டும் வராமல் பார்த்துக்கொண்டாள். இப்போது ஏணியில் நிற்கிறாள், ஓட இடமில்லை.

காலைப் பார்த்தாள். தன்னுடைய காலைத்தான். இடது கட்டைவிரல் படிக்கு அடியில் கொக்கியாக வளைந்து, நகத்தின்மேல் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு விழுந்து காய்ந்திருந்தது. போன வருஷம் இதே ஏணி, இதே மூலை. ஏணி சறுக்கியது, இவள் பாய்ந்து பிடித்தாள், அவர் விழவில்லை, ஆனால் மாட்டியிருந்த கட்டைவிரல் நசுங்கி நகம் பெயர்ந்துவிட்டது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டாள். புதிதாக முளைத்த நகம் நடுவில் வகிடு எடுத்ததுபோல இரண்டாக முளைத்தது. ஊரில் எத்தனையோ பேருக்கு நகம் பிளந்திருக்கும் என்று இவள் ஒன்பது நாளாகத் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஊறினால் எந்த நகமும் பிளக்கும். உடம்பு ஊதினால் எந்தக் காலும் யார் காலாகவும் தெரியும். அதெல்லாம் சரி. ஆனால் அந்த நகத்தை அவரால் வெட்டிக்கொள்ள முடியாது, வலிக்கும் என்று பயம், பெரிய மோட்டாரைத் தூக்கித் தோளில் வைக்கிறவருக்கு நகவெட்டியைக் கண்டால் பயம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், நகம் பதமாக இருக்கும்போதே, காலை நீட்டி இவள் மடியில் வைத்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இவள் வெட்டுவாள். கடைசிச் சனிக்கிழமை வெட்டும்போது ஏதோ கேட்டார், இவள் நிமிர்ந்தாள், நகவெட்டி நழுவி உள்பக்கத்துப் பாதி ஒட்ட வெட்டுப்பட்டது, ஒரு துளி ரத்தம். "கொலகாரி" என்றார் சிரித்துக்கொண்டே. வெளிப்பக்கத்துப் பாதி நீளமாகவும் உள்பக்கத்துப் பாதி குட்டையாகவும் நின்றுவிட்டது. அடுத்த வாரம் சமமாக்கிவிடலாம் என்று விட்டாள்.

அந்தத் துணியைப் பிணவறைக்காரர் தூக்கியபோது வெளிப்பக்கத்துப் பாதி நீளமாகவும் உள்பக்கத்துப் பாதி குட்டையாகவும் இருந்தது. அதை இவள் பார்த்தாள். பார்த்தது அரை நொடிதான். அரை நொடி எதற்கு, அந்தக் காலுக்குக் கண்ணே வேண்டாம், இருட்டில் மடியில் வைத்தால்கூடச் சொல்லிவிடுவாள். இல்லை என்று சொன்னால் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தாள். சொன்னாள். அவர் அங்கே ஒன்பது நாளாகக் குளிரில் கிடக்கிறார். காலில் ஒரு அட்டை கட்டியிருக்கும், அதில் பெயர் இருக்காது. பெயர் இருந்தும் பெயரில்லாமல் கிடக்கிறார், யாரோ நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கிப்போய்க் குழியில் இறக்கப்போகிறார்கள், நான் இங்கே அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவருக்கு வெள்ளையடிக்கிறேன். அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கட்டின புருஷனை யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு வருகிற வெட்கம். மணி என்ன? சுவர்க்கடிகாரத்தை வெள்ளையடிப்பதற்காகக் கழற்றி எங்கேயோ வைத்திருந்தாள். எங்கே வைத்தாள்? விரலைப் படியிலிருந்து விடுவித்தாள். ஏறும்போது தெரியாத உயரம் இறங்கும்போது தெரிந்தது. விழக் கூடாது, இப்போது விழவே கூடாது, ரெண்டு மணிவரைக்குமாவது விழக் கூடாது. ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு, குழந்தை இறங்குகிற மாதிரி இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்து இறங்கினாள்.

போனை எடுத்தாள். எண்ணெயும் சுண்ணாம்புமாக இருந்த விரலுக்கு அது மசியவில்லை. புடவையில் துடைத்து மறுபடி தொட்டாள். பன்னிரண்டு ஐம்பது. மாமா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருப்பார்போல. "மாமா, எடுக்க விடாதீங்க" என்றாள். "அவருதான். எடது கால் கட்டவெரலு. நான் அன்னைக்கே பாத்துட்டேன்." ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வா. நான் போயி கதவுகிட்டயே நின்னுக்கிறேன். என்னைத் தாண்டி எவனும் தூக்கமாட்டான். நீ பதறாம வா." அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சுண்ணாம்பு ரேகைக்குள் போய் உட்கார்ந்திருந்தது, எண்ணெய்மேல் தண்ணீர் ஒட்டவில்லை. தேய்க்க நேரமில்லை. முண்டாசை அவிழ்த்து உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், அது அவருடையது.

கதவைச் சாத்த வந்தபோது மலர்க்கொடி தன் வீட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் கையில் கரண்டியோடு எழுந்து வந்தாள். படியேறி எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதாக்கா? மேல மூல அப்படியே நிக்குதே. கொக்கிகிட்டயும் விட்டிருக்க பாரு" என்றாள். கூடம் பாதி வெளுத்தும் பாதி ஈரமாகவும் இருந்தது. தையல்நாயகியும் திரும்பி ஒருதரம் பார்த்தாள். கொக்கிக்குப் பக்கத்து விடுதல் இங்கேயிருந்து பார்த்தால் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"ஏணிய எடுத்துக்க மலரு" என்றாள். "எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் இல்ல."

மலர்க்கொடி ஏணியைத் தொடவில்லை. கையிலிருந்த கரண்டியைப் படியில் வைத்துவிட்டு, "இரு, நானும் வர்றேன்" என்று செருப்பைத் தேடினாள்.